கழிமுள்ளியைக் களை என்று வெட்டாதீர்கள்

கழிமுகத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைனோடு இறங்குகிறவர்கள் சீமைக்கருவேலத்தோடு சேர்த்துக் கழிமுள்ளியையும் வழித்துப் போட்டுவிடுகிறார்கள். இடுப்பளவுப் புதர், குத்தும், விறகுக்கும் ஆகாது. யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. நான் கேட்கிறேன். சீமைக்கருவேலம் வெளியிலிருந்து வந்தது. கழிமுள்ளி இந்த மண்ணின் செடி, அலையாத்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் யாரும் நடாமலே வளர்ந்து நிற்கிறது.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. இலைகள் எதிரெதிராக இருக்கும். தடிப்பு, நல்ல பளபளப்பு. விளிம்பு வளைந்து வளைந்து போய் ஒவ்வொரு முனையும் முள்ளாக முடியும். இலைக்காம்பின் அடியிலும் முள் உண்டு. ஆனால் நிழலில் வளர்ந்த செடியில் இலை முள்ளில்லாமல் வழவழவென்று இருக்கலாம். அதை வைத்து வேறு செடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெயில் ஏறியதும் இலைமேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வேர் வழியாக ஏறும் உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

பூத்துவிட்டால் சந்தேகமே வராது. கிளை நுனியில் நிமிர்ந்த கதிர், அதில் நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள். மேலுதடு கிடையாது, கீழே அகன்ற ஒரே உதடுதான். காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும்.

குழப்புவது இரண்டு செடிகள். நீர்முள்ளிக்கும் ஊதாப்பூதான், குடும்பமும் ஒன்றுதான். ஆனால் அது குளத்தங்கரை, வாய்க்கால் என்று நல்ல தண்ணீர்ப் பக்கம் வளரும். முள் கணுவைச் சுற்றித்தான் இருக்கும், இலை விளிம்பில் இருக்காது. பிரம்மதண்டு இலையிலும் முள் உண்டு. அதற்கு மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால்.

மரக்கன்று வளரவிடாமல் இது அடைத்துக்கொள்கிறது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. மரங்களை வெட்டித் திறந்துவிட்ட இடத்தில் அப்படி நடப்பது உண்மைதான். அங்கே கன்று நடுகிற அளவுக்கு ஒதுக்கிவிடட்டும், நான் தடுக்கவில்லை. கரையோரத்தை மொத்தமாக மொட்டையடிக்க அது காரணமாகாது. சேற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புதரின் வேர்தான். குட்டி நண்டுகள் ஒண்டுவதும் அதன் அடியில்தான். இனி எந்தக் கழிமுகத்தில் இயந்திரம் இறங்கினாலும், எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று தெரிந்த உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூலி கொடுத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள்.