கொடைக்கானல் குளிருக்கு மரம் தான் காரணமா?
நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "மேல போனா சூரியனுக்கு கிட்ட போறோம், சூடு தானே ஏறணும், கொடைக்கானல் குளிருறது மரத்தால மட்டும் தான்"னு. தப்புங்க.

சூரியன் இருக்கிறது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, நீங்க 2 கிலோமீட்டர் ஏறுறதெல்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்ல. வெயில் முதல்ல தரையைத் தான் சுட வைக்குது, காத்து பெரும்பாலும் தரையில இருந்து தான் சூடாகுது, அந்த சூடான காத்து மேல ஏறுறப்போ அங்க அழுத்தம் கம்மி, அதனால விரியுது, விரியும்போது தன்னோட சூட்டையே செலவழிச்சு குளிர்ந்துடுது. வத்தலக்குண்டுல வாங்குன சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற பலூன் மாதிரி உப்புறத பாத்திருப்பீங்க, அதே விஷயம் தான். சைக்கிள் டியூப்ல காத்த புஸ்ஸுன்னு திறந்து விட்டு விரலை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்.

சராசரியா 1 கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். மதுரை கடல் மட்டத்துல இருந்து 100 மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டர் பக்கம், ஆக 13 டிகிரி வித்தியாசம் உயரத்தாலயே வந்துடுது. மரம் கொஞ்சம் குளிர்ச்சி தரும், மறுக்கல (நம்ம ஊருக்கு கட்டாயம் வேணும்), ஆனா மரமே அதிகம் இல்லாத லடாக் ஏன் அப்படி நடுங்குதாம்?