எத்தனை நாள் லீவு என்று கேட்கிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், இரண்டு தடவை. பேசியவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. "ஐ.டி. வேலை என்று வெளிநாடு போய் இரண்டு வருடத்தில் திரும்பி வருகிறவர்கள் தாக்குப்பிடிக்கத் தெரியாதவர்கள், கெட்டிக்காரன் என்றால் அந்த நாடு அவனை விடாது" என்றார். அதன் கீழே பார்த்தவர்கள் போட்ட சிரித்த முகக் குறிகள், வரிசையாக. அவற்றைப் போட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வேலை விசாவில் போனவர் திரும்பி வந்தால் அவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தமில்லை. விசா முடிந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். இரண்டும் வேறு வேறு.

நான் 2022 நவம்பரில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனேன். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை, பதினொரு வருட அனுபவம். என் விசாவில் கணவரும் மகனும் வந்தார்கள். அந்த வருடம் இங்கே இலங்கையில் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோலுக்கு கியூ.ஆர். பங்கீடு, 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. போனது பிழை என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை.

சும்மா போகவில்லை. இங்கிலாந்து விசாவுக்கு, வேலை தருகிற நிறுவனத்திடம் ஸ்பொன்சர் அனுமதி இருக்க வேண்டும், அது நமக்கென்று ஒரு சான்றிதழ் இலக்கம் தர வேண்டும். அப்புறம் காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலத் தகுதி, பத்திரங்களின் மொழிபெயர்ப்பு. நம் பெயர்கள் வேறு. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் என் அப்பாவின் பெயர். கணவருக்கு மாமாவின் பெயர். மகனுக்குக் கணவரின் பெயர். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர், ஆனால் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் கலியாணப் பதிவையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஒரு எழுத்து மாறி வந்ததற்காகக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரண்டு தடவை திரும்ப நடந்தேன்.

பிறகு விசாவோடு கட்டுகிற சுகாதார வரி. அப்போது பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 624 பவுண்ஸ், பிள்ளைக்கு 470. மூன்று வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் 5,154 பவுண்ஸ், அன்றைய கணக்கில் இருபது இலட்சத்துக்கு மேல். இடையில் நாட்டை விட்டு வந்தால் திருப்பித் தரமாட்டார்கள். எங்களுக்கும் தரவில்லை. அம்மாவின் காப்பு இரண்டும் அதில்தான் போனது.

2024 மார்ச்சில் எங்கள் குழுவில் ஆறு பேரை நிறுத்தினார்கள். மற்ற ஐந்து பேரும் அந்த நாட்டுக்காரர். அவர்களுக்கு வேலை போனது. எனக்கு வேலையோடு வீடும் மகனின் பள்ளிக்கூடமும் போனது. நிறுவனம் உள்துறைக்கு அறிவிக்கும், அங்கிருந்து கடிதம் வரும், கடிதத் தேதியிலிருந்து 60 நாள். அதற்குள் புதிய ஸ்பொன்சர் கிடைத்து விண்ணப்பம் போட வேண்டும், இல்லையென்றால் வெளிக்கிட வேண்டும். அமெரிக்காவிலும் எச்-1பி என்கிற வேலை விசாக்காரர்களுக்கு, வேலை போனால் அதே 60 நாள்தான்.

அந்த ஐந்து பேரில் ஒருவருக்கு அடுத்த வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. என்னைவிடத் திறமைசாலி என்று நானே சொல்லுவேன். எட்டு மாதம் வீட்டில் இருந்த அவரைத் தாக்குப்பிடிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்லவில்லை. அறுபதாம் நாளில் விமானம் ஏறிய என்னைச் சொல்கிறீர்கள்.

"60 நாளில் வேலை எடுத்தவர்களும் இருக்கிறார்களே" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், சந்தோசம். ஆனால் அந்த 2024 ஏப்ரல் 4ஆம் தேதிதான் குறைந்தபட்சச் சம்பளத்தை 26,200 பவுண்ஸிலிருந்து 38,700க்கு உயர்த்தினார்கள். ஏற்கெனவே அந்த விசாவில் இருந்தவர்களுக்கு 29,000 என்று ஒரு சலுகை இருந்தது. நேர்முகத்தில் எதிரே இருப்பவருக்கு அது தெரியாது. அதை விளங்கப்படுத்தவே என் பாதி நேரம் போய்விடும். "ஸ்பொன்சர் தேவையா?" என்ற கேள்விக்கு ஓம் என்றதும் அவர்களின் குரல் மாறுவது எனக்குப் பழகிவிட்டது. 43 விண்ணப்பம் போட்டேன். மூன்று இடத்தில் கடைசிச் சுற்றுவரை போனேன். அதில் ஒரு இடம் வேலை தரச் சம்மதித்தது, ஸ்பொன்சர் அனுமதி எடுக்கச் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கு என் வேலை பிடித்திருந்தது. கெட்டிக்காரனை நாடு விடாது என்கிறவர் இதற்கு என்ன சொல்லுவார்?

அமெரிக்காவில் வருடத்துக்கு 85,000 எச்-1பி. நான் சொல்லும் காலத்தில் அதற்குக் கணினியில் குலுக்கல்தான் நடந்தது. என்னோடு படித்தவள் மூன்று வருடம் போட்டாள், மூன்று வருடமும் பெயர் விழவில்லை. குலுக்கலுக்குத் திறமை தெரியுமா? 2025 செப்டம்பரில் புது விண்ணப்பத்துக்கு ஒரு இலட்சம் டொலர் என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். அந்த நாளோடு யாருடைய மூளையும் குறைந்துவிடவில்லை.

"தெரிந்துதானே போனீர்கள்" என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தெரிந்துதான் போனேன். "மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் இதைவிடப் பட்டார்கள்" என்பதும் உண்மைதான், அவர்கள் பட்டதுக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. ஆனால் "இலவசக் கல்வியில் படித்துவிட்டு ஓடினாய்" என்பதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. டொலர் இல்லாமல் நாடு நின்ற வருடம் மாதாமாதம் வங்கி வழியாக அனுப்பினேன், உண்டியல் என்கிற கள்ள வழியில் ஒரு சதம் அனுப்பவில்லை. திரும்பி வந்தபிறகு இங்கே வரி கட்டுகிறேன்.

இன்னொன்று. ஒரு தாளில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. யுத்த காலத்தில் தமிழர்கள் வெள்ளவத்தையில் இருப்பதற்கே பொலிஸ் பதிவு வேண்டும். அப்பா அந்தப் படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனத்தை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றி வடக்கே வவுனியாவுக்கு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் நிறுத்தியது. அப்பா அன்று முழுக்கக் கதவுப் பக்கமே கதிரையைப் போட்டு இருந்தார். லீட்ஸில் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் ஜன்னலடியில் போய் நின்றபோது அந்தக் கதிரைதான் ஞாபகம் வந்தது. இது விசாவுக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

கடைசி நாள் மகனின் புத்தகப் பையைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்கப் போனோம். நீலப் பை, உள்ளே ஒரு வாசிப்புப் புத்தகம், பஸ் டிக்கட்டை மடித்து அடையாளம் வைத்திருந்தான். "இன்னும் பத்துப் பக்கம் இருக்கு அம்மா" என்றான். வாசலில் நின்றபடியே வாசித்து முடித்தான். ஆறு வயது. அவனுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், உன் அம்மாவுக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியவில்லை என்று.

வந்த நாளிலிருந்து எங்கள் தொடர்மாடியின் லிப்டில் ஒரே கேள்வி. "எத்தனை நாள் லீவு பிள்ளை?" "எப்ப திரும்பிப் போறீங்கள்?" முதலில் மகனின் படிப்புக்காக வந்தோம் என்றேன். பிறகு அம்மாவுக்குச் சுகமில்லை என்றேன். கணவரிடம் வேறு மாதிரி, "மனுசியின்ர விசாவில போனதால்தானே இப்பிடி" என்று கேட்டார்கள். சுகமாக இருந்த அம்மாவை நோயாளி ஆக்கினேனே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. உண்மையைச் சொல்லப் பயந்தது, இந்தக் காணொளியில் பேசுகிற மாதிரி நம் ஆட்கள் பேசுவார்கள் என்று தெரிந்ததால்தான்.

இப்போது சொல்கிறேன். விசா முடிந்தது, வந்துவிட்டோம். எனக்கு என் வேலை தெரியும்.

அந்தச் சிரித்த முகங்களைப் போட்டவர்களில் மூன்று பேர் 2023இல் எனக்கு சி.வி. அனுப்பியவர்கள். "அக்கா, உங்கட கொம்பனியில ஒருக்கா கேட்டுப் பாருங்கோ" என்று எழுதினீர்கள். மூன்றையும் நான் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒருவர் இப்போது அந்த நாட்டில்தான் அதே விசாவில் இருக்கிறார்.

தம்பி, அந்த முகத்தை எடுத்துவிடுங்கள்.