ஹேர்பின் ஒன்று போதாது
“ஒரு ஹேர்பின் போதும், எந்தப் பூட்டும் திறந்துவிடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சினிமாவில் சரி. சாவி நுழையும் உருளையைச் சிறு பின்கள் (ஊசிகள்) வரிசையாகத் தடுத்து நிற்கும் பூட்டுதான் பின் டம்ளர் பூட்டு. அதில் ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. அந்தத் துண்டுகள் சேரும் இடமெல்லாம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால்தான் உருளை திரும்பும். பின்களைத் தூக்க ஒரு கம்பி, உருளையைத் திருப்பியபடி லேசாக அழுத்திப் பிடிக்க இன்னொன்று வேண்டும்.

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் தொங்கும் திண்டுக்கல் பூட்டு லீவர் வகை, அதாவது உள்ளே சாவி தூக்கும் தட்டையான தகடுகள் கொண்டது. அதில் ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அதற்காகத் திறக்கவே முடியாது என்றும் இல்லை. 1851இல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பேர்போன சப் (Chubb) கம்பெனி லீவர் பூட்டை அரை மணிக்குள் திறந்து காட்டினார்.

நம்மூர்த் திருடன் இவ்வளவு மெனக்கெடுவதில்லை, கடப்பாரையால் நாதாங்கியையே பெயர்த்துவிடுகிறான். உளுத்த மரத்தில் ஸ்க்ரூ எங்கே நிற்கும்? நாதாங்கியைப் பிடிக்கக் கதவுக்கு ஊடே போல்ட் விட்டு, உட்புறம் நட்டு முடுக்குங்கள்.