ஓஎஸ்பிஎஃப் ஹலோ நேரம் இருபுறமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தமக்குள் பாதைத் தகவலைப் பரிமாறும் நெறிமுறை. அதில் ஹலோ நேரம் (ஹலோ பாக்கெட் அனுப்பும் இடைவெளி), டெட் நேரம் (ஹலோ வராவிட்டால் எதிர்முனை இல்லை எனக் கொள்ளும் வரம்பு) ஆகியவை இரு ரவுட்டர்களில் வேறுபட்டாலும் குறைந்த மதிப்பை இரண்டும் ஏற்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புடன் திருத்துகிறேன்: அது பிஜிபி என்ற வேறொரு நெறிமுறையின் ஹோல்டு நேரத்துக்கு (எதிர்முனையின் செய்திக்காகக் காத்திருக்கும் வரம்பு) உரிய விதி. ஓஎஸ்பிஎஃப்-இல் அப்படி ஒத்துப்போகும் ஏற்பாடே கிடையாது. ஓஎஸ்பிஎஃப்-இன் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328, பிரிவு 10.5-இன்படி, மதிப்பு பொருந்தாத ஹலோ பாக்கெட் நிராகரிக்கப்படும்.

ஒருபுறம் நேரத்தை மாற்றியவுடன் இரு ரவுட்டர்களுக்கும் இடையிலான அண்டை உறவு அறுவதில்லை. பலரை ஏமாற்றுவது இதுதான். டெட் நேரம் தீரும்வரை (ஈதர்நெட்டில் வழக்கமாக 40 விநாடி) உறவின் நிலையை 'ஃபுல்' (முழுமை) என்றே காட்டும். அதற்குள் திரையை மூடிவிடாதீர்கள்.

சோதனைக்கான சிஸ்கோ ரவுட்டரில் 'டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் ஹலோ' கட்டளையை இயக்குங்கள். பொருந்தாமை பற்றிய வரியில் 'ஆர்' என்ற எழுத்தை அடுத்து எதிர்முனையிலிருந்து வந்த மதிப்பும், 'சி'யை அடுத்து உங்கள் ரவுட்டரில் அமைத்த மதிப்பும் தெரியும்.