மெஸ் வாசலில் முதலில் ஒரு தராசு வையுங்கள், மெஷினை அப்புறம் பார்க்கலாம்

பசுமை வளாகத் திட்டம் என்றாலே நம் பல்கலைக்கழகங்களில் ஜூன் 5 அன்று பேனர், துணைவேந்தர் கையால் ஒரு மரக்கன்று, வாசலில் பச்சையும் நீலமுமாக இரண்டு தொட்டிகள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வந்துபோகும்வரை தொட்டிகள் பளபளக்கும். அதே நாளில் விடுதி மெஸ்ஸின் பின்வாசலில் சாம்பார் சாதமும் ஊறுகாய் பாக்கெட்டும் ஒரே டிரம்மில் கலந்து வண்டி ஏறும். தொடங்க வேண்டிய இடம் அந்தப் பின்வாசல்தான்.

800 பேர் சாப்பிடும் மெஸ்ஸில் ஆளுக்கு வேளைக்கு 60 கிராம் தட்டில் மிஞ்சினால் மூன்று வேளைக்கு 144 கிலோ. காய்கறித் தோலும் அண்டாவில் மிஞ்சுவதும் தனி. நாளுக்கு 100 கிலோவைத் தாண்டினாலே திடக்கழிவு மேலாண்மை விதிகளில் அந்த வளாகம் பெருமளவு கழிவு உண்டாக்கும் இடம். கழிவைத் தரம் பிரிப்பதும், மக்குவதை முடிந்தவரை உள்ளேயே கையாள்வதும் அதன் கடமை. இதை ஏதோ சேவை மாதிரி மேடையில் பேசுவதுதான் வேடிக்கை.

முதல் இரண்டு வாரம் எடை மட்டும் போடுங்கள். காய்கறித் தோல், அண்டாவில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது என்று மூன்று டிரம், வேளைவாரியாக ஒரு நோட்டு. மொத்தமாக நிறுத்தால் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அண்டாவில் மிஞ்சுவது தலைக்கணக்குப் பிழை: வெள்ளி மாலை பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள், ராத்திரி சமையல் முழுக் கணக்குக்கு நடக்கும். மதியத்துக்குள் வருகைக் கணக்கு வாங்கினாலே அது குறையும். தட்டில் மிஞ்சுவதற்குப் பெரும்பாலும் கரண்டிதான் காரணம். சின்னக் கரண்டி போட்டு, கேட்டால் மறுபடி வைக்கலாம். (உப்புமா நாளின் எடைக்குக் கரண்டி பொறுப்பில்லை.)

அடுத்தது, எல்லோரும் வழுக்கி விழும் இடம். ‘24 மணி நேரத்தில் உரம்’ என்று விற்கும் மெஷின். அவற்றில் பல, சோற்றைச் சூடாக்கி, உலர்த்தி, அரைத்துத் தருபவை. வெளியே வருவது பழுப்புத் தூள், உரமில்லை. செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சணம் பிடித்து நாறும். அதன் பிறகும் பல வாரம் மக்கவைக்க வேண்டும் என்றால் மெஷினுக்கும் கரண்ட் பில்லுக்கும் எதற்குச் செலவு? வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு கைப்பிடி கேளுங்கள். நனைத்து, மூடிய கவரில் மூன்று நாள் வைத்துத் திறந்தால் மூக்கே சொல்லிவிடும்.

சருகு கிடைக்கும் வளாகத்துக்கு, கழிவை மக்கவைக்க கம்பிவலைத் தொட்டி போதும். சாம்பார், ரசத்தை வடிகட்டிய பிறகும் சாப்பாட்டுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஈரம் 60 சதவீதத்துக்கு இறங்க 100 கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிலோ காய்ந்த சருகு வேண்டும். நாளுக்கு 100 கிலோ கழிவென்றால் மாதத்துக்கு 900 கிலோ சருகு! பங்குனி, சித்திரையில் உதிர்வதை எரிக்காமல் சாக்கில் கட்டி, மழை படாமல் அடுக்கினால்தான் ஐப்பசியில் கைகொடுக்கும். தீர்ந்தால் தென்னை நார்க்கழிவு வாங்கலாம். குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இருந்தால் சூடேறும். உள்ளே 55 டிகிரி தொட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் சருகு போதவில்லை. புளித்த நாற்றம் என்றால் காற்றில்லை, கிளறுங்கள். வெறும் சோறு களி மாதிரி கட்டிக்கொள்ளும், அதைக் கலக்காமல் கொட்டவே கூடாது. சிக்கன் நாளில் மேலே சருகு மூடி வலை போடாவிட்டால் வளாகத்து நாய்கள் அத்தனையும் அங்கேதான். மெஸ் கழிவில் உப்பு அதிகம் என்பதால் முற்றிய உரத்தையும் மூன்று, நான்கு பங்கு மண்ணோடு கலந்தே போட வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது? மாணவர் மன்றம் என்பார்கள். தேர்வு வந்தால் மன்றம் காணாமல் போகும்; பொறுப்பேற்ற பையன் அடுத்த வருஷம் பட்டம் வாங்கிப் போய்விடுவான். கடைசியில் கையுறைகூட இல்லாமல் தூய்மைப் பணியாளர் தலையில் விழும். மெஸ் டெண்டரிலேயே பிரித்துத் தருவதை ஒரு நிபந்தனையாகவும், குவியலைப் பார்க்க ஒரு ஆளுக்கான சம்பளத்தைத் தனிச் செலவாகவும் எழுத வேண்டும். இவ்விரண்டும் கையெழுத்தாகாமல் திறப்பு விழா வேண்டாம்.

மெஸ் கழிவைச் சாண எரிவாயுக் கலனில் போடுவதும் நல்லதுதான், ஆனால் கணக்கு தெரிந்து இறங்குங்கள். 100 கிலோ கழிவுக்குத் தோராயமாக 4 கிலோ சிலிண்டர் கேஸுக்கு ஈடான வாயு கிடைக்கும். நாலைந்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். கலன் பெரும்பாலும் சாவது கோடை விடுமுறையில். பல வாரம் பட்டினி கிடந்த கலனில் கல்லூரி திறந்த அன்றே முழுக் கழிவையும் கொட்டினால் அமிலம் ஏறி, நுண்ணுயிர்கள் செத்து, வாயு எரியாது. கால் பங்கில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே போனால் தீனியை நிறுத்திவிட்டுச் சாணக் கரைசல் ஊற்றுங்கள். எலுமிச்சைத் தோலும் பொரித்த எண்ணெயும் அதற்குள் போகவே கூடாது.