இரண்டு வரிசைத் தேயிலை

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் எங்கள் போதகர் எந்த வருடமும் விடாத ஒரு இடம் உண்டு: எருசலேம் தேவாலயத்தின் திரைச்சீலை கிழிவது. கோத்தகிரிக் குளிரில் பாதி சபை சால்வைக்குள் கண்ணயர்ந்திருக்கும். "மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது" என்று அவர் குரலை உயர்த்தும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

இந்த வருடமும் நிமிர்ந்தேன். ஆனால் ஒரு உறுத்தலோடு வீடு வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திரை லேசான துணி இல்லை. ஒரு கையகலக் கனம், நாற்பது முழ நீளம் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதற்குப் பின்னால் தேவன் வாசம்பண்ணும் மகா பரிசுத்த ஸ்தலம். வருடத்தில் ஒரே நாள், பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும் பலியின் இரத்தத்தோடு உள்ளே போகலாம். லேவியராகமம் 16-இல் அன்றைக்கு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வரும். ஒன்று பலியாகும். மற்றதன் தலைமேல் ஆசாரியர் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். நம் தமிழ் வேதாகமம் அதற்குப் 'போக்காடு' என்று பெயர் வைத்திருக்கிறது. என்ன ஒரு சொல்!

இயேசு மரித்த நேரத்தில் அந்தத் திரை கிழிந்தது என்றால், இனி ஆடும் வேண்டாம், வருடத்துக்கு ஒருநாள் காத்திருக்கவும் வேண்டாம், தைரியமாக உள்ளே வா என்று அர்த்தம். எபிரெயர் நிருபம் 10-ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. சிலுவை பாவத்தை எப்படிப் போக்குகிறது என்பதில் நூற்றாண்டுக்கணக்கான வாக்குவாதம் இருக்கிறது. கடனடைப்பா, தண்டனையா, மரணத்தின்மேல் வெற்றியா? நான் அதற்குள் போகவில்லை. என் பிரச்சினை திறந்த வழியைப் பற்றியது.

'நேரடி வழி' எங்கள் வீட்டில் பெருமையான சொல். ஊட்டியில் கத்தோலிக்கரின் காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் பாட்டி உச்சுக்கொட்டுவார். "நமக்கு நடுவுல ஆள் எதுக்கு?" என்பார். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5-ஐ மூச்சுவிடாமல் சொல்வார். அதே பாட்டி, டிவியில் வந்த ஒரு ஊழியக்காரர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். சரி, அது வேறு கதை.

என் கதைக்கு வருகிறேன். ஆறு வருடங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இறந்தார். நீலகிரியின் படகர் இனத்தவர். அவர்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், நடந்த சாவுக்கு அப்பாவும் நானும் போயிருந்தோம். படகர் சாவில் ஒரு சடங்கு உண்டு. ஒரு மூத்தவர் இறந்தவரின் பாவங்களாக ஒரு நீண்ட பட்டியலைச் சொல்வார். ஊர்ந்துபோன பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, அடுத்தவன் எருமை நிறையப் பால் கறப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "பாவம்" என்று திருப்பிச் சொல்லும். இப்படி ஆயிரத்து முந்நூறு பாவம் இருந்தாலும் எல்லாம் போகட்டும் என்று வேண்டுவார்கள். அந்தக் காலத்தில் பாவங்களைச் சுமந்து போக ஒரு கன்றையே அவிழ்த்துவிடுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த பாசல் மிஷன் ஊழியர் மெட்ஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். லேவியராகமத்தை மனப்பாடமாக அறிந்த மனிதர், எப்படித் திடுக்கிட்டிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அந்தப் பட்டியலில் எல்லைக்கல்லை நகர்த்திய பாவமும் வரும். அது வந்தபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் என்று நினைத்தேன். இரவு அடுப்பங்கரையில் கட்டஞ்சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கல்ல நகர்த்தினது அவர் இல்லடா. உங்க தாத்தா." எழுபதுகளில், ஒரு மழைக்கால இரவில். இரண்டு வரிசைத் தேயிலை எங்கள் பக்கம் வந்துவிட்டது. தாத்தா அப்போது சபையில் மூப்பர்.

அடுத்த வருடம் அப்பாவும் போய்விட்டார். தோட்டம் என் பெயருக்கு வந்தது.

நான் என்ன செய்தேன்? ஜெபித்தேன். உண்மையாகவே, கண்ணீரோடு. "எங்கள் முற்பிதாக்களின் அக்கிரமத்தை மன்னியும்" என்று நெகேமியா மாதிரி. மனம் லேசாகும். மறுநாள் காலை அந்த இரண்டு வரிசைக் கொழுந்தையும் சேர்த்துத்தான் மூட்டை கட்டுவோம். பக்கத்து வீட்டு வாசல் எங்கள் வாசலிலிருந்து நாற்பது அடி இருக்கும். ஆறு வருடமாக மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய்வந்த நான் அந்த நாற்பது அடியை நடக்கவில்லை. நேரடி வழி எனக்கு ஒரு வசதியான குறுக்குவழியாகிவிட்டது.

பழைய ஏற்பாட்டில்கூட இந்த வசதி கிடையாது. லேவியராகமம் 6-இல், வஞ்சித்து எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து உரியவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். மனிதனுக்கு மனிதன் செய்த பாவத்தை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவிர்த்தி நாள்கூடப் போக்காது என்று மிஷ்னா கறாராகச் சொல்கிறது. இயேசு இதைத் தளர்த்தினாரா? பலிபீடம்வரை வந்தவனையே திருப்பி அனுப்பினார். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" என்கிறார். பவுல் "தேவனோடே ஒப்புரவாகுங்கள்" என்று எழுதும்போதும் தமிழில் அதே சொல்தான். கத்தோலிக்கரும் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். வள்ளுவருக்கு ஒப்புரவு என்றால் ஊரோடு ஒத்து, கொடுத்து வாழ்வது. ஊரை விட்டுவிட்டு மேலே மட்டும் ஒப்புரவாவதற்கு இந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை.

"கிருபையினால் இரட்சிப்பு, கிரியையினால் அல்ல" என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஒப்புக்கொள்கிறேன். கல்லைத் திருப்பி நட்டால் பரலோகத்தில் இடம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவிடம் இயேசு கணக்குக் கேட்கவே இல்லை, வீட்டுக்கு வருகிறேன் என்றார், அவ்வளவுதான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது சகேயு. விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு அவனுக்கு அந்தப் பணம் வீட்டில் இருப்பது பொறுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை போனேன். பெரியவரின் மகன் வாசலில் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவேன். சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றார். "அந்தக் கல்லுல உட்கார்ந்துதான் தினம் வெத்தலை போடுவாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை. சர்வேயருக்கு மனு கொடுக்கலாம், செலவு என்னுடையது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் சாக்கை உதறி மடித்துவிட்டுச் சிரித்தார்.

"வரட்டும். அப்படியே எங்க கீழ் எல்லையையும் அளந்து பாக்கச் சொல்லு தம்பி. நாங்க எத்தனை வரிசை தள்ளியிருக்கோமோ."