திரும்ப மறுத்த ரயில்கள்

முதல் உலகப் போர் ஏன் வந்தது என்று கேட்டால் பாடப்புத்தக விடை தயாராக இருக்கும்: சரயேவோவில் ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார், கூட்டணிகள் எல்லோரையும் உள்ளே இழுத்துவிட்டன. கூட்டணி மட்டுமே யாரையும் இழுத்துவிடாது. 1882லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கைகோத்திருந்த இத்தாலி, இது தற்காப்புப் போர் அல்ல என்று 1914ல் ஒதுங்கிக்கொண்டது. 1915ல் எதிரணியிலேயே சேர்ந்தது.

இழுத்தது படைதிரட்டல் அட்டவணை. உத்தரவு வந்ததும் ரிசர்வ் வீரர் கைவேலையைப் போட்டுவிட்டு முகாமுக்குப் போக வேண்டும். சீருடை, துப்பாக்கி, விவசாயிகளிடம் வாங்கிய குதிரைகள், எந்த ரயில், எத்தனை மணி, எந்தப் பாலம் என்று எல்லாம் முன்பே எழுதி வைத்தது. ஜெர்மனிக்கு மட்டும் 11,000 ரயில்கள். கொலோனில் ரைன் பாலத்தின் மேல் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

ரஷ்யா பரந்த நாடு, பரப்புக்கு ஏற்ற தண்டவாளம் கிடையாது. முந்தித் தொடங்கினால்தான் உண்டு. ஜெர்மனியின் திட்டமோ, ரஷ்யா எழுந்து நிற்பதற்குள் சுமார் ஆறு வாரத்தில் பிரான்சை முடிப்பது. அங்கே ஒரு நாள் முந்தினால் இங்கே ஒரு நாள் போச்சு. அதிலும் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைத் திரட்டல் முடியும் முன்பே பிடித்தாக வேண்டும். மற்றவர்களுக்குப் படைதிரட்டல் ஆயத்தம். ஜெர்மனிக்கு அதுவே படையெடுப்பு.

ஜூலை 29 இரவு ரஷ்யாவின் ஜார் மன்னர் பொதுத் திரட்டலை நிறுத்தி, செர்பியா மீது போர் தொடுத்திருந்த ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் பகுதித் திரட்டல் என்றார். அப்போது ரஷ்யாவிடம் இருந்த, ஜெர்மனியையும் ஒட்டிய வார்சா ராணுவ மாவட்டத்தை விட்டுவிட்டுப் பாதி திரட்டினால், பிறகு முழுத் திரட்டல் குழம்பிப்போகும் என்று தளபதிகள் நெருக்கினார்கள். 30ஆம் தேதி மாலை அவர் இணங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 1 மாலை, பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று நம்பவைத்த தந்தி ஒன்று லண்டனிலிருந்து வந்தது. உடனே ஜெர்மன் பேரரசர் கெய்சர், மொத்தப் படையையும் கிழக்கே திருப்பச் சொன்னார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கிழக்குக்கு மட்டுமான திட்டம் முன்பு இருந்தது. 1913ல் அதைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கோடிக்கணக்கான உயிர்களைத் தொடும் முடிவுக்கு ஒரே ஒரு திட்டம்! பெரும்பகுதியைத் திருப்பியிருக்கலாம் என்று போருக்குப் பிறகு ரயில் பிரிவுத் தளபதி ஸ்டாப் கணக்குப் போட்டே காட்டினார்.

அன்று மாலையே ஒரு சிறு படை லக்சம்பர்க்கின் துருவாவியேர்ஜ் ரயில் நிலையத்தைப் பிடித்திருந்தது. தவறு நடந்துவிட்டது, திரும்புங்கள் என்று அரைமணி நேரத்தில் பின்னாலேயே ஒரு கார் வந்தது. இரவில் தந்தியின் குழப்பம் தெளிந்ததும் உத்தரவு மறுபடி மாறியது. மறுநாள் லக்சம்பர்க் முழுவதும் ஜெர்மன் படை.